பழைய பைக் வாங்கியாச்சு... பயணம் கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை!

கேள்வி: "பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவரிடமிருந்து, 2012-ம் ஆண்டு பதிவான 350 சி.சி. தண்டர்பேர்டு பைக்கை வாங்கியிருக்கிறேன். அவர் அதில் லடாக் வரை இரண்டு முறை போய்வந்தவர். 'வண்டி தங்கம்' என்று சொல்லித்தான் கொடுத்தார். வாங்கி 3 நாள்கள் ஆகின்றன. வாரம் இரண்டு முறை அஞ்செட்டி மலைப்பாதையில் ஓட்ட வேண்டியிருக்கும். பங்குனி உத்திரத்துக்கு மனைவியோடு இதிலேயே பழனிக்குப் போகலாம் என்றும் நினைத்திருக்கிறோம். ஆயில் மாற்றினால் போதுமா, வேறு எதையெல்லாம் பார்க்க வேண்டும்?"
- வாசகர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.

பதில்: ஆயில் மாற்றினால் மட்டும் போதாது. தானமாக வந்த மாட்டுக்குத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்துப் பிடித்த மாட்டுக்குப் பல், மடி, குளம்பு எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டும். வண்டிக்கும் அதுதான் கணக்கு. வாங்குவதற்கு முன்பே பார்த்திருந்தால் நல்லது. வாங்கிய பிறகு என்றாலும், பாரம் ஏற்றுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

விற்றவர் பொய் சொன்னார் என்று நினைக்கத் தேவையில்லை. நெடும்பயணம் போன வண்டிகள் பெரும்பாலும் பளபளப்பாகத்தான் இருக்கும். இன்ஜின் சத்தமும் நன்றாக இருக்கும். தேய்மானமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். லடாக் பாதைகளில் ஓடைகளைக் கடக்கும்போது சக்கர பேரிங்குகளுக்குள் தண்ணீர் போகும். பெட்டியும் ஆளுமாகப் பாரம் ஏற்றி ஓட்டியதில் பின் ஷாக் அப்சார்பரும் ஸ்போக்ஸும் தளர்ந்திருக்கும். எனவே, முதலில் நிற்பதற்கான உறுப்புகள், பிறகு ஓடுவதற்கான உறுப்புகள், கடைசியாக இன்ஜின் என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. இன்ஜின் நின்றால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்துவிடலாம். மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் அந்த வாய்ப்பு கிடைக்காது.

பிரேக்

இந்த வண்டியின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உண்டு. பின்சக்கரத்தில் மாடலைப் பொறுத்து டிஸ்க் அல்லது டிரம் இருக்கும். ஹேண்டில்பாரில் இருக்கும் சிறிய டப்பாவின் கண்ணாடி வழியே பிரேக் ஆயிலின் நிறத்தைப் பார்க்க வேண்டும். புது ஆயில் வெளிர் மஞ்சளாக இருக்கும். கடுங்காப்பி நிறத்துக்கு வந்திருந்தால் யோசிக்காமல் மாற்ற வேண்டும். இந்த ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. ஈரம் ஏறிய ஆயில், நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வரும்போது சூடேறிக் கொதித்துவிடும். அதில் உண்டாகும் ஆவியால் லீவர் பஞ்சு போல அமுங்குமே தவிர, பிரேக் பிடிக்காது. அஞ்செட்டி இறக்கத்தில் இறங்குகிறவருக்கு இது சாதாரண விஷயமல்ல.

டப்பா மூடியில் 'டாட் 3', 'டாட் 4' என்று எந்த ரகம் எழுதியிருக்கிறதோ அதையே, சீல் உடைக்காத புட்டியில் வாங்கி மாற்ற வேண்டும். கடையில் பாதி மீந்துபோன புட்டி வேண்டாம். பார்க்க எப்படி இருந்தாலும் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பேட் தேய்ந்திருந்தால் புதிது போட வேண்டும். டிஸ்க் தட்டில் அதன் குறைந்தபட்ச கனம் பொறிக்கப்பட்டிருக்கும். தட்டு அதைவிட மெலிந்திருந்தால், புது பேட் போட்டும் பயனில்லை. தட்டையும் மாற்றியாக வேண்டும். டிரம் பிரேக்காக இருந்தால் ஷூவைக் கழற்றித் தேய்மானத்தைப் பார்த்துத் தூசியைத் துடைத்து மாட்டச் சொல்ல வேண்டும்.

மலை இறங்கும்போது 2 அல்லது 3-வது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து நியூட்ரலில் உருட்டினால், சுமார் 190 கிலோ வண்டியின் பாரம், இரண்டு பேரின் பாரம் எல்லாம் பிரேக் மேல்தான் விழும்.

டயர், சக்கரம்

டயரில் பட்டன் ஆழமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் 4 இலக்க எண் இருக்கும். '2317' என்றால், 2017-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரான டயர் என்று அர்த்தம். அதிகம் ஓடாமல் நின்ற வண்டியில் பட்டன் அப்படியே இருக்க, ரப்பர் மட்டும் இறுகிப் போயிருக்கும். பக்கவாட்டிலோ, பட்டன்களுக்கு நடுவிலோ வெயிலில் காய்ந்த வயல்போல மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் டயரை மாற்ற வேண்டும். ஸ்போக்ஸ் சக்கரமாக இருந்தால் உள்ளே டியூப் இருக்கும். டயர் மாற்றும்போது டியூபையும் மாற்றிவிடுவது நல்லது. ஒட்டு மேல் ஒட்டுப் போட்ட பழைய டியூப், வேகத்தில் போகும்போது காற்றை ஒரே மூச்சில் விட்டுவிடும்.

ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகச் சிறு ஸ்பானரால் தட்டிப் பார்த்தால், எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே ஓசை வர வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். 'லொடக்' என்று ஆடினால் பேரிங் போய்விட்டது. முன்சக்கரம் தரையில் படாதபடி ஒருவர் வண்டியைப் பின்பக்கம் அழுத்திக்கொள்ள, இன்னொருவர் ஹேண்டில்பாரை மெதுவாக இரு பக்கமும் திருப்ப வேண்டும். நடுவில் வரும்போது பள்ளத்தில் விழுந்து நிற்பது போலத் தட்டினால் 'கோன் செட்' தேய்ந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் ஓட்டினால் வண்டி நேராகப் போகாமல் அலையும். ஃபோர்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு வளையமாகத் தெரிந்தால் ஆயில் சீல் கசிகிறது. அந்த எண்ணெய் வழிந்து டிஸ்க் தட்டில் பட்டால் பிரேக் வழுக்கும்.

செயின்

பின் ஸ்பிராக்கெட்டின் பின்புறத்தில் செயினை விரலால் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். செயின் எழும்பி, பல்லில் பாதி வெளியே தெரிந்தால் செயின் நீண்டுவிட்டது. ஸ்பிராக்கெட் பற்கள் அரிவாள் மூக்கு போல ஒரு பக்கமாக வளைந்திருந்தால் அதுவும் முடிந்தது. செயினை மட்டும் மாற்றிப் பழைய ஸ்பிராக்கெட்டில் மாட்டினால், புதுச் செயினும் சீக்கிரமே போய்விடும். செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்து செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

செயினுக்கு நடுவில் மேலும் கீழும் 25 முதல் 30 மி.மீ. வரை தளர்வு இருக்கலாம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, செயின் எங்கே அதிக இறுக்கமாக வருகிறதோ அங்கே அளக்க வேண்டும். செயின் லாக் கிளிப் இருந்தால், அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பி மாட்டியிருந்தால் ஏதாவது பட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு.

செயினைத் துடைக்கும்போது இன்ஜினை நிறுத்திவிட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றித்தான் துடைக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டு, துணியைச் செயினில் பிடிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. துணியோடு விரலும் ஸ்பிராக்கெட்டுக்குள் போய்விடும். இப்படி விரலை இழந்தவர்கள் உண்டு.

பின்னால் உட்காருபவருக்கு

நெடும்பயணம் போகிறவர்கள் பெட்டி மாட்டுவதற்காக சாரி கார்டைக் கழற்றிவிடுவது வழக்கம். வண்டியில் அது இல்லை என்றால், மனைவியை ஏற்றுவதற்கு முன் முதலில் வாங்கி மாட்ட வேண்டியது அதுதான். சேலை முந்தானையோ, துப்பட்டாவோ பின்சக்கரத்தில் சுற்றினால் உட்கார்ந்திருப்பவரை அப்படியே இழுத்துப் போட்டுவிடும். பின்னால் பிடித்துக்கொள்ளும் கம்பி, கால் வைக்கும் கட்டை இரண்டும் ஆடாமல் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருக்குமே ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம்.

சைடு ஸ்டாண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், மடக்கிய ஸ்டாண்டு ஓடும்போது கீழே இறங்கி, திருப்பத்தில் தரையில் இடித்து வண்டியைக் கவிழ்த்துவிடும். ஸ்பிரிங் விலை சொற்பம்தான். புதிதாக மாட்டிவிடலாம்.

வயரிங், பேட்டரி

கூடுதல் விளக்கு, செல்போன் சார்ஜர், பெரிய ஹாரன் என்று முன்பு மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, வயரை மட்டும் அப்படியே விட்டிருப்பார்கள். சீட்டைக் கழற்றி, முனையில் டேப் சுற்றிய வயர்கள் எங்கெல்லாம் தொங்குகின்றன என்று பார்க்க வேண்டும். ஃபியூஸ் இல்லாமல் நேரடியாக பேட்டரியிலிருந்து இழுத்த வயர், பெட்ரோல் டேங்குக்குக் கீழே உரசித் தோல் உரிந்தால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. தேவையில்லாததை அடியோடு நீக்கச் சொல்ல வேண்டும்.

மோட்டார் பழுது பார்ப்பவரிடம் இருக்கும் மல்டிமீட்டரே பேட்டரியைச் சோதிக்கப் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டினால் நல்ல சார்ஜ் இருக்கிறது. இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திருகினால் 13.5 முதல் 14.5 வோல்ட்டுக்குள் வர வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது.

இன்ஜின்

இந்த மாடலில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். அதனால், வீட்டில் டிராக்டருக்கு வாங்கி வைத்த ஆயிலை ஊற்றிவிடக் கூடாது, கிளட்ச் வழுக்கும். மோட்டார் சைக்கிளுக்கென்று 'ஜாசோ எம்.ஏ.' வகை குறிப்பிட்ட 15W-50 ஆயில்தான் வேண்டும். ஃபில்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பழைய ஆயிலை இன்ஜின் சூடாக இருக்கும்போது வெள்ளைத் தட்டில் வடித்துப் பார்த்தால், வண்டியின் கதை தெரிந்துவிடும். கறுப்பாக இருப்பது சாதாரணம். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரும்புத் துணுக்குகள் கிடந்தால் உள்ளே ஏதோ உடைந்து தேய்கிறது. இன்ஜினைப் பிரித்துப் பார்க்காமல் ஓட்டக் கூடாது.

பிளக்கைக் கழற்றினால் அதன் நுனி வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. பெரும்பாலும் ஏர் ஃபில்டர் அடைப்பாக இருக்கும். எண்ணெய் வழிந்து ஈரமாக இருந்து, சைலன்சரில் நீலப் புகையும் வந்தால், பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்து ஆயில் எரிகிறது. நுனி சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவாகப் போய் இன்ஜின் சூடாகிறது. மலை உயரத்தில் காற்று மெலிதாக இருப்பதால், லடாக் போகிறவர்களில் சிலர் கார்பரேட்டரில் சிறிய ஜெட் மாட்டுவார்கள். அதே ஜெட்டோடு சமவெளியில் ஓட்டினால் இப்படித்தான் ஆகும். விற்றவரிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

பேப்பர் வேலை

வண்டியைச் சரிபார்ப்பது பாதி வேலைதான். சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிட வேண்டும். ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தால், அதை நீக்க படிவம் 35-ம், கடன் முடிந்ததற்கான சான்றும் தேவை. கட்டாத அபராதம் இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-சலான் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் தெரிந்துவிடும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 இரண்டும் வேண்டும். வாங்கியவர் 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இது கர்நாடகப் பதிவு வண்டி என்றால், அங்கிருந்து படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் வாழ்நாள் வரியைக் கட்டி, படிவம் 27 கொடுத்து இங்குள்ள எண்ணைப் பெற வேண்டும். இந்தச் செலவையும் வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். 2012-ல் பதிவான வண்டிக்கு 15 ஆண்டுகள் 2027-ல் முடியும். பிறகு சோதனைக்குக் காட்டி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு 14 நாள்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். விற்றவருக்கும் இதில் அக்கறை வேண்டும். விபத்து நடந்தால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்ற கணக்கில் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

பழனிப் பயணம்?

பிரேக், டயர், செயின், சாரி கார்டு நான்கும் சரியாகும் வரை மலைப்பாதையில் இந்த வண்டி வேண்டாம். சரிசெய்த பிறகு, முதல் 500 கி.மீ. வரை தளி, ஓசூர் என்று உள்ளூருக்குள் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அதன்பின் ஒருமுறை எல்லா நட்டு, போல்ட்டுகளையும் இறுக்கி, ஆயில் அளவு குறைந்திருக்கிறதா என்று பார்த்தால், வண்டியின் உண்மையான குணம் தெரிந்துவிடும். பங்குனி உத்திரத்துக்குள் இவையெல்லாம் முடிந்தால் இதிலேயே பழனிக்குப் போகலாம். முடியாவிட்டால் இந்த முறை பஸ்ஸில் போய்வருவதே நல்லது.

கேள்வி: "பழைய பைக்குக்கு எத்தனால் கலந்த பெட்ரோல் ஆகாது என்கிறார்கள். உண்மையா?"
- வாசகர், கள்ளக்குறிச்சி.

பதில்: கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் எத்தனால் 20 சதவிகிதம் கலந்த பெட்ரோல், 2023 முதல் பங்குகளில் விற்பனைக்கு வந்தது. விவசாயிக்கு வருமானம் தரும் திட்டம்தான். ஆனால், பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் இந்த அளவு எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பெட்ரோல் பைப், டேப் வாஷர், கார்பரேட்டர் 'ஓ ரிங்' ஆகியவை ஊறிப்போகவோ, வெடிக்கவோ கூடும். பழைய வண்டி வாங்கியவர்கள் இவற்றை முதலிலேயே மாற்றிவிடுவது நல்லது. செலவு அதிகமில்லை.

எத்தனாலில் பெட்ரோலைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால், மைலேஜ் கொஞ்சம் குறையும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். டேங்கில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் கலந்து அடியில் தங்கி, வண்டி ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால், பெட்ரோல் டேப்பை மூடி, கார்பரேட்டரில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். டேங்கின் உட்புறத் துருவைப் பார்க்க டார்ச் லைட் மட்டுமே பயன்படுத்த வேண்டும். தீக்குச்சி உரசிப் பார்க்கவே கூடாது.

கேள்வி: "வண்டியை மாட்டுக்கொட்டகையில்தான் நிறுத்துகிறோம். அடிக்கடி வயர் கெட்டுப்போகிறது. ஏன்?"
- வாசகி, ஒட்டன்சத்திரம்.

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, எலி. தீவன மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டியின் சீட்டுக்கு அடியில் எலி கூடு கட்டி வயரைக் கடிக்கும். வாரம் ஒருமுறை சீட்டைத் திறந்து பார்க்க வேண்டும். இன்னொன்று, மாட்டுச் சிறுநீரிலிருந்து கிளம்பும் அமோனியா வாயு. இது செம்புக் கம்பியையும் பித்தளை இணைப்புகளையும் அரிக்கும். இணைப்புகளில் பச்சையாகப் பூத்திருந்தால் அதுதான் அடையாளம். வண்டியைக் கொட்டகைக்கு வெளியே, தனித் தாழ்வாரத்தில் நிறுத்துவதே தீர்வு.

உர மூட்டை ஏற்றி வந்த அன்றே வண்டியைக் கழுவிவிட வேண்டும். பொட்டாஷ் உரம் சிந்திய இடத்தில் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். கழுவிக் காய்ந்ததும் செயினுக்கு எண்ணெய் போட வேண்டும். பூச்சிமருந்து புட்டியை, சாப்பாட்டுத் தூக்கும் காய்கறியும் வைக்கும் பக்கப் பெட்டியில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

தினமும் கிளம்பும் முன் 2 நிமிடம்...

• இரண்டு பிரேக்கையும் பிடித்து, வண்டியை உருட்டிப் பார்ப்பது.
• டயரில் காற்று, குத்தியிருக்கும் ஆணி, முள்.
• செயின் தளர்வு.
• முன், பின் விளக்குகள், ஹாரன்.
• வண்டிக்கு அடியில் எண்ணெய் அல்லது பெட்ரோல் கசிவு.
• சைடு ஸ்டாண்டு முழுதாக மடங்கியிருக்கிறதா என்பது.